மெருகு போட்ட மஞ்சள்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் மாப்பிள்ளை, அத்தை, ரேடியோ நால்வரும் நலம். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது. அண்ணி போனதிலிருந்து உன் கடிதம் தேய்ந்துகொண்டே வருகிறது. போன தடவை நாலு வரி. அதில் ஒரு வரி தேதி.

நீ அனுப்பிய மஞ்சள் பொட்டலம் கிடைத்தது. மஞ்சளுக்கு மெருகு போடுகிறவரின் தங்கை கடையில் மஞ்சள் வாங்கலாமா என்று நானும் பெருமையாகத்தான் அத்தையிடம் நீட்டினேன். அவர் ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடி, மஞ்சளுக்கே சோகை பிடிச்சிருக்கு? உங்க அண்ணன் மெருகு போடுறாரா, இருக்கிற மெருகையும் உரிச்சு எடுக்கிறாரா?" என்றார். உன் மாப்பிள்ளை வேறு சிரித்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பருப்பில் எவ்வளவு போட்டாலும் நிறம் ஏறுவதில்லை. மீனில் தடவினால் தடவியது தெரிவதில்லை. அடுத்த தடவை கொஞ்சம் பளிச்சென்று இருப்பதாகப் பார்த்து அனுப்பு. அத்தையின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரேடியோவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. கண் விழித்தால் ஒலிபரப்பு, கண் மூடினால்தான் நிறுத்தம். நடுவில் இருமல் மட்டும் விட்டபாடில்லை. பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் கொடுக்கிறேன். "மாமா எப்ப வருவாங்க, மாமா கை ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டபடியே குடிக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை

ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். சாப்பிடுகிறேன். மாப்பிள்ளையையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

உனக்கு அனுப்பியது களத்தில் நானே உட்கார்ந்து பொறுக்கியது. வேகவைத்துக் காயப்போட்டதோடு சரி, மெருகு போடும் டிரம்முக்குப் போகாதது. அதன் நிறமே அதுதான். டிரம்மில் போட்டுச் சுற்றினால் மேல்தோல் உரியும். கடைசிச் சுற்றில் முன்பெல்லாம் மஞ்சள்தூளைக் கரைத்துத் தெளிப்போம். போன வருஷத்திலிருந்து மேஸ்திரி டப்பாவில் வேறொரு பொடி கொண்டுவந்து தருகிறார். அதைத் தெளித்து இருபது சுற்று விட்டால் கறுத்துப்போன கிழங்குகூடப் பளபளத்துவிடும். அது என்ன பொடி என்று நான் கேட்டதில்லை. இங்கே யாரும் எதையும் கேட்பதில்லை.

அத்தை சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இத்துடன் முதல் தரத்தில் இரண்டு கிலோ அரைத்து அனுப்புகிறேன். அத்தை பார்ப்பதற்கென்று முழு விரலியும் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சமே தேவைப்படாது.

குழந்தைக்கு முத்தம்.

அண்ணன்

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம், நலமோ நலம். நீ வாழ்க, உன் டிரம் வாழ்க!

பொட்டலத்தைப் பிரித்ததும் அத்தை வாயடைத்துப்போய்விட்டார். பிறகு, "இதாண்டி மஞ்சள்! இத விட்டுட்டு அந்தச் சருகை எதுக்கு அனுப்புனாரு?" என்றார். நல்லது சொல்லும்போதும் ஒரு கொட்டு வைக்காமல் இருக்க அவரால் முடியாது. போகட்டும்.

இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் உன் மஞ்சள்தான். பருப்பில் அரை சிட்டிகை போட்டால் சட்டி முழுக்க நிறம் ஏறிவிடுகிறது. உருளைக்கிழங்கு வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். அத்தை பித்தவெடிப்புக்கு எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு தரையெல்லாம் கால்தடம் பதிக்கிறார். உன் மாப்பிள்ளை பேட்டரிக் கடையில் தகடு கிழித்து விரலை வெட்டிக்கொண்டு வந்தார். மஞ்சளை வைத்துக் கட்டினேன், மூன்றே நாளில் ஆறிவிட்டது.

ரேடியோவுக்குத் தினமும் மாலையில் ஒரு தம்ளர் பால். முன்பு சிட்டிகை போட்டதற்கு இப்போது கால் கரண்டி. நிறத்துக்காகவே குடிக்கிறாள். குடித்து முடித்ததும் நாக்கை நீட்டிக் காட்டுகிறாள், "மாமா கை மாதிரி ஆயிடுச்சா?" என்று. இருமல் குறைந்திருக்கிறது. எல்லாம் உன் புண்ணியம்.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். அந்த மஞ்சள் கொட்டகை எங்கே ஓடிவிடப் போகிறது?

அன்புடன்,
தங்கை

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

எல்லோர் நலமும் அறிந்து மகிழ்ச்சி. நான் நலம்.

விரல் நுனிகள் கொஞ்ச நாளாக மரத்துக் கிடக்கின்றன. பீடி சுட்டால்கூட உடனே தெரிவதில்லை. மஞ்சள் பற்றுப் போட்டேன். டிரம்மில் என்னோடு நிற்கிறவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, வேலையை விட்டுவிட்டான். அவன் இடத்தில் இன்னொருவன் வந்திருக்கிறான்.

மேஸ்திரி டப்பாவில் மிஞ்சிய பொடியை எண்ணெயில் குழைத்துக் கொட்டகைக் கதவுக்குப் பூசினார். நன்றாகப் பிடித்திருக்கிறது. மழையில் போகாது என்கிறார்.

குழந்தைக்குப் பாலில் ரொம்பப் போடாதே. மஞ்சள் அதிகமானால் சூடு. கொஞ்சமாகப் போட்டால் போதும்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று பேர் நலம்.

ரேடியோவுக்கு இரண்டு வாரமாக வயிற்றுவலி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். மலம் போகச் சிரமப்படுகிறாள். சோற்றைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறாள். வாந்தி வேறு. முகம் வெளுத்துவிட்டது. முன்பு வீட்டுக்குள் யாராவது வந்தால் ஓடிப்போய் அவர்கள் கைப்பையைப் பிடித்து இழுப்பாள். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நேற்று முழுக்க அவள் பேசியது ஆறு வார்த்தை. எண்ணினேன் அண்ணா. எண்ணும்படி ஆகிவிட்டது.

அத்தை வயிற்றில் பூச்சி என்கிறார். "மஞ்சள் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்டி, ரெண்டு வேளை குடு" என்றார். காலையில் வெந்நீரில், மாலையில் பாலில் கொடுக்கிறேன். நீ சூடு என்று எழுதியிருந்தாய். ஆனால் அவள் உடம்பு ஜில்லென்று இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

மஞ்சளுக்கு நடுவிலேயே கிடக்கிறாய். இதற்கு வேறு ஏதாவது பக்குவம் இருந்தால் விசாரித்து உடனே எழுது. உன் கை மரப்பு எப்படி இருக்கிறது?

தங்கை

ஏப்ரல் 27

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் 12ஆம் தேதியே கிடைத்தது. வேலை நெருக்கடி. பதில் தாமதம்.

குழந்தையைப் பெரிய டாக்டரிடம் காட்டு. கைவைத்தியம் வேண்டாம்.

நான் அனுப்பிய மஞ்சள், அந்த மூட்டையில் பூச்சி விழுந்திருந்ததாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடு. நல்லதாக வேறு அனுப்புகிறேன்.

அண்ணன்

மே 12

அன்புள்ள அண்ணா,

நீ நலமா?

உன் கடிதம் வந்த அன்றே மஞ்சளை மாவுச் சல்லடையில் சலித்துப் பார்த்தேன். ஒரு பூச்சியும் இல்லை. சந்தேகத்துக்கு இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடுத்துவைத்துவிட்டேன். பாதிக்கு மேல் இருக்கிறது, எப்படித் தூக்கிப் போடுவது? நீ வேறு அனுப்பிச் சிரமப்படாதே.

ரேடியோவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தும்போது அவள் அழவில்லை. நர்ஸ், "ரொம்ப சமத்துக் குழந்தை" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது.

முடிவு நேற்று வந்தது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். நிறைய இருக்கிறதாம். அது குழந்தைகளுக்கு மூளையைத் தொடுமாம். டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து, "வீட்ல யாராச்சும் பேட்டரி வேலை, பெயின்ட் வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

அத்தையும் நானும் ஒரே சமயத்தில் உன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தோம். திரும்பாமல் இருந்திருக்கலாம். அவர் மடியில்தான் ரேடியோ உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்து அவளை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு சட்டையிலும் இருக்குமே என்று நினைத்தாரோ என்னவோ, வெளியே போய் நின்றுகொண்டார்.

பதினொரு வருஷமாகப் பேட்டரிக் கடையில் இருக்கிறார். தினமும் சாயங்காலம் வந்ததும் அவளைத்தான் முதலில் தூக்குவார்.

மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அத்தை மஞ்சள் தண்ணீரையும் நிறுத்தாமல் கொடுக்கிறார். ஒன்றுக்கு இரண்டாக வேலை செய்யட்டும் என்கிறார்.

தங்கை

ஜூன் 20

அண்ணா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? கொட்டகையில் ஏதாவது தகராறா? தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டுகிறார்.

அவர் பேட்டரிக் கடையை விட்டுவிட்டார். ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறார். அவருடைய துணி, செருப்பு, பாய் எல்லாவற்றையும் அத்தை எரித்துவிட்டார். பெற்ற மகன் துணியை அவரே எரித்தார் அண்ணா. உன் மாப்பிள்ளை கிடங்கிலேயே படுத்துக்கொள்கிறார். சாயங்காலம் வாசலுக்கு வந்து நிற்பார். "உள்ள வாங்க, குளிச்சுட்டுத்தானே வந்தீங்க?" என்று கூப்பிட்டேன். "வேணாம். எதுக்கு வம்பு? இங்கேருந்தே பாத்துக்கறேன்" என்றார். ரேடியோவும் அவரிடம் போகவேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பிறகு போய்விடுவார்.

நேற்று மறுபடி ரத்தம் பார்த்தார்கள். குறையவே இல்லை, ஏறியிருக்கிறது. டாக்டருக்கே குழப்பம். "அப்பா வீட்லயே இல்லேங்கறீங்க. அப்ப எங்கேருந்துதாம்மா வருது?" என்கிறார். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். அவளுடைய பொம்மையையும் குழாய்த் தண்ணீரையும் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

எனக்கு அழுகை வருவதில்லை. சமைக்கிறேன், ஊட்டுகிறேன், துவைக்கிறேன். யாராவது பேசினால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் காதில் விழுகிறது. நீ ஒரு வரியாவது எழுது. எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

தங்கை

ஜூலை 3

தங்கைக்கு,

இதற்கு முன்பே தந்தி கொடுத்திருக்கிறேன். கிடைத்திருக்கும்.

மஞ்சளில்தான் இருக்கிறது. மேஸ்திரி கொடுத்த பொடி பெயின்ட் பொடி. மார்ச் மாதம் கதவுக்குப் பூசியதாக எழுதினேனே, அதே டப்பாதான். உனக்கு அனுப்பியது அதைத் தெளித்த மஞ்சள். நான்தான் தெளித்தேன். நான்தான் அரைத்தேன். முதல் தரம் என்று நான்தான் எழுதினேன்.

ஜனவரியில் எனக்குத் தெரியாது. மார்ச்சில், கதவுக்கு அவர் பூசும்போது, லேசாக உறுத்தியது. கொஞ்சமாகப் போடு என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஏப்ரலில் வயிற்றுவலி என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, ஈயம் உள்ளது, உணவில் சேரக் கூடாது என்று. ஒரு வருஷமாக என் காலடியில்தான் அந்த டப்பா கிடந்தது.

மேஸ்திரியிடம் காட்டினேன். "நீ திங்கப் போறியா? கண்காணாத ஊருல எவனோ திங்கப் போறான். தெளிடா" என்றார். தெளித்தேன்.

பிறகு உனக்குப் பூச்சி என்று எழுதினேன். எழுதும்போதே நீ சலித்து எடுத்துவைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் எந்தப் பண்டத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறோம்? தெரிந்தும் அப்படித்தான் எழுதினேன். உண்மையை எழுதினால் நீ என்னை விட்டுவிடுவாய். உன் அண்ணி போன பிறகு எனக்கும் நீ ஒருத்திதான். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். உன் மே மாதக் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படித்தேன். மாப்பிள்ளை வெளியே போய் நின்றார் என்ற இடம் வந்ததும் மடித்து வைத்துவிடுவேன். மறுநாள் வேலைக்குப் போவேன்.

ஜூன் கடிதம் வந்ததும் தந்தி ஆபீசுக்குப் போனேன்.

இன்றைக்கும் நாலு டிரம் தெளித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மணி அடித்தது, போனேன். கை மரத்த மாதிரியே எல்லாம் மரத்துப்போய்விட்டது.

மாப்பிள்ளையிடம் முதலில் சொல். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அண்ணன்

ஜூலை 25

அண்ணா,

தந்தி வந்தபோது யாரோ செத்துவிட்டார்கள் என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பிரித்தால் "மஞ்சளை உடனே நிறுத்து" என்று இருந்தது. "இதுக்கு ஒரு தந்தியா? உங்க அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குத் தந்தியிலேயே புரிந்துவிட்டது. மஞ்சள் டப்பாவை எடுத்துத் துணியில் கட்டி அலமாரி மேல் வைத்தேன். ஏன் என்று அத்தை கேட்டதற்கு, டாக்டர் சொன்னார் என்றேன். உன் கடிதம் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் உன் மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். தினமும் பார்த்தேன். நான் சொல்லவில்லை. கடிதம் வரட்டும், ஒருவேளை வேறு ஏதாவதாக இருக்கும் என்று இருந்தேன். என் அண்ணன் என்று எப்படிச் சொல்வது? ஆகவே உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

கடிதம் வந்த அன்று மாலை வாசலிலேயே நின்று அவரிடம் படித்துக் காட்டினேன். முழுக்க. அவர், "அப்ப நான் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "பேட்டரி இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "நான் இல்லல்ல?" என்று மறுபடி கேட்டார். நாலைந்து தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பிறகு உள்ளே வந்து அவளைத் தூக்கினார். இரண்டு மாதத்தில் அவள் எடை குறைந்திருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அத்தை படுத்துவிட்டார். காலையும் மாலையும் தன் கையால் கொடுத்தவர் அவர். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மஞ்சளை டாக்டரிடம் கொடுத்தோம். நீ எழுதியது சரிதான். போன வாரம் ரத்தம் பார்த்ததில் ஈயம் இறங்க ஆரம்பித்திருக்கிறது. வயிற்றுவலி நின்றுவிட்டது. சாப்பிடுகிறாள். அவள் பேச்சைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "இறங்கறது இறங்கும்மா. ஆனா போனதெல்லாம் திரும்பி வரும்னு நான் சொன்னா அது பொய்" என்றார். நல்ல மனிதர். இப்போதைக்கு அவளுக்குத் தண்ணீர், அப்பா, வேண்டாம் என்ற மூன்று வார்த்தைகள் இருக்கின்றன.

எங்கிருந்து வந்த மஞ்சள் என்று டாக்டர் கேட்டார். நான் உன் கடித உறையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பின்பக்கம் கொட்டகை விலாசம் இருக்கிறதே. அவர் எழுதிக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புவாராம், ஆட்கள் வருவார்களாம். உன்னையும் பிடித்துக்கொண்டு போவார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரிந்தேதான் கொடுத்தேன். இன்றைக்கும் நாலு டிரம் என்று எழுதியிருந்தாய். அந்த நாலு டிரம்மும் எத்தனை வீட்டுப் பாலில் விழும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

கையை டாக்டரிடம் காட்டு. மரத்துப்போவது ஈயத்தால்தான் என்று இங்கே டாக்டர் சொன்னார். தாமதிக்காதே.

உன் மேல் கோபம் வரும் என்று தினமும் காத்திருக்கிறேன். அடுப்படியில் நிற்கும்போது, அவளுக்குத் தலைவாரும்போது, இதோ வரப்போகிறது என்று இருக்கும். வருவதில்லை. வந்ததும் எழுதுகிறேன். அதுவரை நீ எழுதாதே.

தங்கை